களிம்பு ஏறாத ஜாயிண்ட்

இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் சுண்டுவிரலின் ஒரு கணு அளவுதான் இருக்கும். காரில் ஒரு வயரை இன்னொரு வயரோடு சேர்க்கிறோமே, அந்த இடம். பட்டறைப் பேச்சில் ஜாயிண்ட். எஞ்சினைப் பற்றியும் பிரேக்கைப் பற்றியும் டயரைப் பற்றியும் நாம் மணிக்கணக்கில் பேசுகிறோம். ஜாயிண்டைப் பற்றிக் கேட்டால், "முறுக்கி டேப் சுத்திட்டேன், ஓடும்" என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த வரியை இந்த வட்டக்கானல் மலையில் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் வாதம். மலை வண்டிக்கு ஏற்ற இணைப்பு எது என்று கேட்டால், வயருக்குப் பொருந்தும் உலோகச் சிலீவில், அதற்கென்று செய்த கருவியால் அழுத்திய கிரிம்ப், அதன்மேல் உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் குழாய் என்பேன். ஈயம் வைத்துப் பற்றவைப்பதும் நல்ல வேலைதான், ஆனால் ஓடும் வண்டியில் அதற்கு உரிய இடம் குறுகியது. முறுக்கிச் சுற்றுவது வீடுபோய்ச் சேர்வதற்கு மட்டும். இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதைக் காரணங்களோடு வைக்கிறேன்.

முதலில் இந்த இடத்தையே எடுத்துக்கொள்வோம். வத்தலக்குண்டில் வெயில் கொளுத்தும்போது புறப்படும் வண்டி, கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உள்ள கொடைக்கானலை ஓரிரு மணி நேரத்தில் அடைகிறது. வழி முழுக்க இரண்டாம் கியர், முதல் கியர். வேகம் குறைவு, காற்றோட்டம் குறைவு, எஞ்சின் சூடு அதிகம், ரேடியேட்டர் ஃபேன் ஓயாமல் ஓடுகிறது. பிறகு ஊருக்குக் கீழே இறங்கும் குறுகிய செங்குத்துச் சாலையில் வட்டக்கானலுக்கு வந்து எஞ்சினை அணைக்கிறோம். அந்நேரம் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்து வண்டியை மூடுகிறது. பானெட்டுக்கு அடியில் 80 டிகிரியில் இருந்த காற்று 15 டிகிரிக்கு இறங்கினால் அதன் கனஅளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். சரியாக மூடாத ஒவ்வொரு டேப் சுற்றும் ஒவ்வொரு ரப்பர் உறையும் அந்த அளவுக்கு வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். வெளிக்காற்றோ மூடுபனி. மறுநாள் காலையில் எஞ்சின் சூடேறும்போது காற்று மட்டும் வெளியேறுகிறது, ஈரத்தில் ஒரு பகுதி வயர் இழைகளுக்கு இடையே தங்கிவிடுகிறது. தினமும் ஏறி இறங்கும் டாக்ஸியில் இது தினமும் நடக்கிறது. சமவெளியில் ஐந்து வருடம் தாங்கும் ஜாயிண்ட் இங்கே அவ்வளவு தாங்காததற்கு வயரின் தரத்தை மட்டும் குறை சொல்வது சரியாகாது. வண்டி இங்கே மூச்சு விடுகிறது, மூச்சோடு தண்ணீரையும் குடிக்கிறது.

கெட்ட ஜாயிண்ட் என்ன செய்யும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹெட்லைட்டில் போடும் எச்4 பல்பு 60/55 வாட். ஹை பீம் போட்டால் இரண்டுக்கும் சேர்த்து 120 வாட், 12 வோல்ட்டில் சுமார் 10 ஆம்பியர். அந்த வழியில் ஒரு ஜாயிண்டில் வெறும் 0.1 ஓம் தடை உண்டானதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வோல்ட் அங்கேயே செலவாகிறது. 10 வாட் வெப்பம் அந்த ஒரு அங்குல இடத்தில் உண்டாகிறது. சின்ன சால்டரிங் அயர்னின் சூட்டுக்குக் கிட்டத்தட்ட அது சமம், அதுவும் டேப்புக்குள் பொதிந்து. வெளிச்சத்தின் கதி இன்னும் மோசம். ஹாலஜன் விளக்கின் ஒளி, மின்னழுத்தம் குறையும் விகிதத்தைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். ஓடும் வண்டியில் 13 வோல்ட் சொச்சம் கிடைக்க வேண்டிய பல்புக்கு ஒரு வோல்ட் குறைந்தால் ஏறக்குறைய கால்பங்கு வெளிச்சம் போய்விடும். டால்பின்ஸ் நோஸ் பக்கம் மேகம் இறங்கிய இரவில் கால்பங்கு வெளிச்சம் என்பது என்னவென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

"ஃபியூஸ் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?" என்று பலர் கேட்பார்கள். இந்த ஒரு தவறான நம்பிக்கையைத் தெளிவாகப் பேச வேண்டும். ஃபியூஸ் அதிக மின்னோட்டத்தைப் பார்த்து உருகுவது. ஷார்ட் ஆனால் உருகும். ஜாயிண்டில் தடை கூடும்போது மின்னோட்டம் கூடுவதில்லை, சற்றுக் குறைகிறது. 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ஒன்பது ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கிறது, ஃபியூஸுக்கு எல்லாம் நலமாகத் தெரிகிறது, அதே நேரத்தில் ஜாயிண்ட் வெந்துகொண்டிருக்கிறது. சூட்டில் செம்பு மேலும் கறுக்கும், கறுத்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும். டேப் உருகி, பக்கத்து வயரின் உறையும் உருகி இரண்டும் தொட்ட பிறகுதான் ஃபியூஸுக்கு விஷயம் தெரியும். ஆகவே ஜாயிண்டைக் காப்பாற்ற ஜாயிண்டைத் தவிர வேறு யாரும் இல்லை.

இப்போது முறுக்கிச் சுற்றும் வழக்கத்துக்கு வருவோம். செம்புக் குடத்தைப் புழங்காமல் மூலையில் வைத்தால் களிம்பு பிடிக்கிறது, புளி போட்டுத் தேய்த்தால் போகிறது. நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த இந்த வேதியியல்தான் வயரிலும் நடக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், டேப்புக்குள் யாரும் புளி போட்டுத் தேய்ப்பதில்லை. இரண்டு வயர்களின் இழைகளைக் கையால் முறுக்கும்போது அவை ஒன்றையொன்று சில புள்ளிகளில்தான் தொடுகின்றன. மீதியெல்லாம் இடைவெளி. அந்த இடைவெளியில் காற்றும் ஈரமும் புகுந்து, தொடும் புள்ளிகளின் ஓரத்திலிருந்து களிம்பு உள்ளே நகர்கிறது. செம்பு மெல்லிய இழைகளாக இருப்பதால் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஈரம் உறைக்குள்ளேயே ஏறும். கறுத்த வயரை இரண்டு அங்குலம் உரித்தும் உள்ளே பளபளப்பு தென்படாத வண்டிகள் இப்படித்தான் உண்டாகின்றன. டேப்பின் பசையோ எஞ்சின் சூட்டில் இளகி வழுக்கும், மலைக்குளிரில் விறைத்து ஓரம் தூக்கும். முறுக்கைக் கட்டிப் பிடித்திருந்த ஒரே பிடிமானமும் அதோடு போகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமான மறுப்பும்கூட. அந்தக் காலத்தில் எல்லாம் முறுக்கித்தான் போட்டார்கள், வண்டிகள் ஓடவில்லையா? ஓடின. ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்ட காலத்து வண்டியில் மின்சாரத்துக்கு இருந்த வேலை மிகக் குறைவு, வயர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், ஓட்டுபவரே தினமும் அவற்றைத் தொட்டுப் பார்ப்பார். இன்றைய காரில் வயர் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிறது. அதில் பாதி டேஷ்போர்டுக்குப் பின்னும் கார்ப்பெட்டுக்கு அடியிலும் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது. சென்சார் வயரில் ஓடுவது மில்லி ஆம்பியர் கணக்கு, அங்கே சிறிது களிம்பு இருந்தாலும் கம்ப்யூட்டருக்குத் தவறான செய்தி போகும். எஞ்சின் ஏற்றத்தில் திணறும், காரணம் தேடி ஆயிரக்கணக்கில் செலவாகும். பழைய வண்டி பொறுத்துக்கொண்டதைப் புதிய வண்டி பொறுப்பதில்லை.

அடுத்தது ஈயம். பற்றவைத்த ஜாயிண்டை உயர்வாக நினைப்பதற்கு நம் ஊரில் நல்ல காரணம் உண்டு. ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்த்த தலைமுறையின் கைத்திறன் அது. பளபளவென்று ஈயம் ஓடிய ஜாயிண்டைப் பார்த்தாலே நம்பிக்கை வருகிறது. ஈயம் இழைகளின் இடைவெளியை நிரப்பிவிடுவதால் காற்றும் ஈரமும் புக வழியில்லை என்பதும் உண்மை. ஆடாமல் அசையாமல் இருக்கும் சர்க்யூட் போர்டில் அதற்கு ஈடான வேலை அரிது. ஆனால் வண்டி ஆடுகிறது. உருகிய ஈயம் நாம் நினைத்த இடத்தில் நிற்காமல் இழைகளுக்கிடையே உறிஞ்சப்பட்டு உறைக்குள் சிறிது தூரம் ஓடுகிறது. அது ஓடிய மட்டும் வயர் கம்பிபோல் விறைத்துவிடும். விறைப்பு முடிந்து மறுபடி நெகிழ்வு தொடங்கும் கோட்டில்தான் ஒவ்வொரு அதிர்வும் வந்து மடக்கும். ஒரு கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் மடக்கினால் என்ன ஆகும் என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். ஜாயிண்ட் உடைவதில்லை, ஜாயிண்டுக்குப் பக்கத்தில் உறைக்குள்ளே இழை இழையாக அறுகிறது. வெளியே பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். விட்டு விட்டு வரும் கோளாறுகளில் கண்டுபிடிக்க மிகக் கடினமான வகை இது. வட்டக்கானல் சாலையின் குழிகளில் ஒரு ஜீப் ஒரு நாளில் எத்தனை முறை குலுங்குகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பற்றவைக்கும்போது தடவும் ஃப்ளக்ஸ் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் நவச்சாரம் தூவித் தேய்ப்பதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அது உலோகத்தின் அழுக்கை அரித்து எடுக்கும், பூசி முடித்ததும் பாத்திரத்தைக் கழுவிவிடுவார். பைப்புக்கும் தகரத்துக்கும் வைக்கும் அமில ஃப்ளக்ஸும் அதே மாதிரி அரிக்கும் குணம் கொண்டது. ஆனால் வயரைக் கழுவ முடியாது. இழைகளுக்குள் தங்கிய அமிலம் மூடுபனியின் ஈரத்தோடு சேர்ந்து மாதக்கணக்கில் செம்பைத் தின்னும். பற்றவைக்கத்தான் வேண்டும் என்றால் பைன் மரப் பிசினிலிருந்து வரும் ரோசின் ஃப்ளக்ஸ் மட்டுமே. இன்னொரு குணத்தையும் மறக்க வேண்டாம்: சாதாரண ஈயக் கலவை 183 டிகிரியை ஒட்டி உருகத் தொடங்கிவிடும், செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். ஸ்டார்ட்டர், ஃபேன் மாதிரி கனமான மின்னோட்டம் ஓடும் வழியில் சூடேறிய ஜாயிண்டில் ஈயம் இளகிவிட்டால், ஈயத்தை மட்டும் நம்பிய பிடிமானம் முழுக்கப் போய்விடும். அமெரிக்கப் படகுகளுக்கான ஏபிஒய்சி தரவிதிகள், வயரைப் பிடித்திருப்பது ஈயம் மட்டுமாக இருக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். உப்புக்காற்றும் ஈரமும் ஓயாத அதிர்வும் உள்ள படகும், பனியும் குலுக்கலும் உள்ள மலை ஜீப்பும் இந்த விஷயத்தில் உறவினர்கள்.

கிரிம்ப் எப்படி வேறுபடுகிறது? சிலீவுக்குள் இழைகளை நுழைத்துப் போதிய அழுத்தம் கொடுத்தால் செம்பு களிமண்போல் நெகிழ்ந்து ஓடும். இழைகளின் மேல்பரப்பில் இருந்த மெல்லிய ஆக்சைடு படலம் கிழிந்து, உள்ளிருந்த சுத்த உலோகம் சுத்த உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். நன்றாக அழுத்திய கிரிம்பைக் குறுக்காக அறுத்து உருப்பெருக்கியில் பார்த்தால் உருண்டையாக இருந்த இழைகள் தேன்கூட்டு அறைகளைப்போல் நெருங்கி, இடைவெளியே இல்லாமல் இருக்கும். காற்று நுழைய இடமில்லாத இடத்தில் களிம்புக்கு வேலையில்லை. வெப்பம் படாததால் இழைகள் விறைப்பதில்லை, உறைக்குள் எதுவும் ஓடுவதில்லை. வயர் முனையில் மாட்டும் ஒரு நல்ல டெர்மினலில் இரண்டு ஜோடி இறக்கைகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒன்று செம்பைப் பிடிக்க, மற்றொன்று உறையைப் பிடிக்க. இழுப்பும் ஆட்டமும் உறையில் நின்றுவிடும், செம்பின்மேல் வராது. 1941-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஏஎம்பி நிறுவனம் விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் ஈயம் வைக்காமல் அழுத்தி மாட்டும் டெர்மினல்களைச் செய்து பெயர்பெற்றது, அதிர்வும் ஈரமும் மிகுந்த இடங்கள் அவை என்பதைக் கவனியுங்கள். இன்று கார் தொழிற்சாலையிலிருந்து வரும் வயரிங் கிட்டைப் பிரித்துப் பாருங்கள். முனைகளில் கிரிம்ப். நடுவில் வயர் சேரும் இடங்களில் கிரிம்ப், அல்லது அல்ட்ராசோனிக் முறையில் அழுத்தி உரசி ஒட்டிய வெல்டிங். மலிவுக்காகவும் வேகத்துக்காகவும்தான் அப்படிச் செய்கிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். வேகம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் விண்கலங்களின் வயரிங்குக்கு நாசா வைத்திருக்கும் தரவிதிகளிலும் கிரிம்புக்கு முறையான இடம் உண்டு. அங்கே யாரும் மலிவைத் தேடிப் போவதில்லை.

"கிரிம்ப் போட்டேன், இழுத்தால் கையோடு வந்துவிட்டது" என்பது நான் எதிர்பார்க்கும் அடுத்த மறுப்பு. வந்திருக்கும். கட்டிங் பிளேயரால் நசுக்கினால் சிலீவ் தட்டையாகும், ஆனால் இழைகள் நெருங்காது. சிவப்பு சிலீவ் 0.5 முதல் 1.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு, நீலம் 1.5 முதல் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை. மெல்லிய வயரை நீலத்துக்குள் விட்டு நசுக்கினால் எந்தக் கருவியும் காப்பாற்றாது. கூடுதலாக அழுத்தினாலும் இழை வெட்டுப்பட்டுவிடும். அதனால்தான் ராட்செட் கருவி வேண்டும் என்கிறேன். போதிய அழுத்தம் வரும் வரை அது கைப்பிடியை விடாது. அழுத்தத்தைத் தீர்மானிப்பது அன்றைய கை பலமாக இருக்கக் கூடாது, கருவியாக இருக்க வேண்டும். வயரைப் பல்லால் கடித்து உரித்து நாலு இழையை இழந்துவிட்டு கிரிம்பைக் குறை சொல்வதிலும் நியாயமில்லை. "கிரிம்ப் போட்டு, அதன்மேல் ஈயமும் வைத்தால் இரட்டைப் பாதுகாப்புதானே?" என்றும் கேட்பார்கள். சரியாக அழுத்திய கிரிம்புக்குள் ஈயம் நுழைய இடமே இருக்காது. அது பின்பக்கம் இழைகளில் ஓடி, நாம் தவிர்த்த விறைப்பை மறுபடி கொண்டுவந்து சேர்க்கும். தவறாக அழுத்திய கிரிம்பை மூடிமறைக்க ஈயம் வைப்பதைவிட அறுத்துவிட்டு மறுபடி போடுவது மேல்.

தண்ணீரைத் தடுப்பது கிரிம்பின் வேலை இல்லை. அதற்குக் குழாய் வேண்டும், அதுவும் உள்ளே பசை உள்ளது. சாதாரண ஹீட் ஷ்ரிங்க் குழாய் சுருங்கிப் பிடிக்கும், ஆனால் இரண்டு முனையிலும் மயிரிழை வழி இருக்கும். பசை உள்ளதைச் சூடாக்கினால் இரு ஓரத்திலும் பசை கசிந்து வெளியே வளையமாகத் தெரியும். அது தெரிந்தால்தான் அடைபட்டது என்று பொருள். சிகரெட் லைட்டரால் கருக்காமல் சூட்டுக்காற்றுத் துப்பாக்கியால் செய்ய வேண்டும்.

ஜாயிண்டை எங்கே போடுகிறோம் என்பதும் முறையளவுக்கே முக்கியம். கதவுக் கீல் பக்கம் வயர் மடங்கும் இடத்தில் போடக் கூடாது. சைலன்சர் குழாய்க்கு அருகில் கூடாது. பல வயர்களைச் சேர்க்கும்போது ஜாயிண்டுகளை ஒரே வரிசையில் வைக்காமல் ஒன்றுக்கொன்று தள்ளி வைத்தால் கட்டு பருக்காது, ஒன்று விட்டால் மற்றொன்றைத் தொடாது. இருபுறமும் வயரை டையால் கட்டிவிட வேண்டும், ஜாயிண்ட் தொங்கக் கூடாது. வயரை வெட்டாமல் மேலே கவ்வி உள்ளே குத்தும் கிளிப்புகள் கடைகளில் கிடைக்கின்றன. ஃபாக் லேம்ப் போட இங்கே அவை அதிகம் பயன்படுகின்றன. அந்தக் கத்தி ஓரம் சில இழைகளை மட்டும் தொடும், சிலவற்றை வெட்டும், உறையில் விழுந்த ஓட்டை வழியே பனி இறங்கும். 55 வாட் ஃபாக் லேம்ப் இரண்டு என்றால் ஒன்பது ஆம்பியருக்கு மேல். அதை ஹெட்லைட் வயரிலிருந்து கிள்ளி எடுப்பது இரண்டு விளக்கையும் மங்கச் செய்யும் வேலை. பேட்டரியிலிருந்து தனி வயர், தனி ஃபியூஸ், தனி ரிலே என்பதே முறை. அப்படிச் செய்தால் பழைய வயரிங்கில் ஜாயிண்டே தேவைப்படாமல் போகலாம். போடாத ஜாயிண்ட் கெடுவதில்லை. ஏர்பேக் வயர்களை, பெரும்பாலும் மஞ்சள் உறையில் வருபவற்றை, யாரும் வெட்டி ஒட்ட முயல வேண்டாம். அங்கே கம்பெனி சொல்லும் வழிதான் வழி.

செலவு பற்றியும் நடைமுறை பற்றியும் எழும் மறுப்பை அலட்சியம் செய்ய நான் தயாரில்லை. இரவு பத்து மணிக்கு மழையில் பெருமாள் மலைப் பக்கம் விளக்கு அணைந்தால் ராட்செட் கருவியை எங்கே தேடுவது? அங்கே முறுக்கத்தான் வேண்டும். ஆனால் அதிலும் முறை உண்டு. இரண்டு முனைகளையும் ஒரே பக்கமாகப் பிடித்து முறுக்காமல், எதிரெதிராக வைத்து, குறுக்கே கடந்து, ஒவ்வொன்றையும் மற்றதன்மேல் நெருக்கமாகச் சுற்றுவது. தந்திக் கம்பியில் லைன்மேன்கள் போட்ட முறுக்கு அது. இழுக்க இழுக்க இறுகும். அதோடு மெதுவாக ஊர் வந்து சேரலாம். மறுநாள் காலையில் அதை அறுத்து எறிந்து முறையாகப் போட வேண்டும். இந்த மலையில் நடப்பது பெரும்பாலும் என்னவென்றால், அந்த மறுநாள் வருவதில்லை. விளக்கு எரிகிறதே என்று விட்டுவிடுகிறோம். அவசரத்துக்குப் போட்டதை வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்வதுதான் தவறு, அவசரத்துக்குப் போட்டது தவறில்லை.

போட்ட ஜாயிண்ட் நல்லதா என்று பார்க்க நம்பிக்கை மட்டும் போதாது. முதலில் நன்றாக இழுத்துப் பாருங்கள். பிறகு குழாயைச் சுருக்குவதற்கு முன் விளக்கைப் போட்டு, மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஜாயிண்டின் இரு பக்கமும் முனைகளை வைத்துப் பாருங்கள். 10 ஆம்பியர் ஓடும்போது பத்து இருபது மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதியாக மூடலாம். நூறைத் தொட்டால் அறுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். மின்சாரம் ஓடாதபோது ஓம் அளந்து பார்ப்பது போதாது, ஒரே ஓர் இழை தொட்டாலும் மீட்டர் சரி என்று காட்டும். வண்டிக்காரர்களும் பட்டறையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடாமல், எங்கே ஜாயிண்ட் போட்டீர்கள், எதால் போட்டீர்கள், அளந்தீர்களா அண்ணா என்று கேளுங்கள். நல்ல தொழிலாளி இந்தக் கேள்வியால் வருத்தப்பட மாட்டார்.

ராட்செட் கருவி, மூன்று நிறச் சிலீவ்கள், பசை உள்ள குழாய், ஒரு மல்டிமீட்டர் எல்லாம் சேர்ந்து சில ஆயிரம் ரூபாய். தனி ஒருவருக்கு அது சுமையாகத் தோன்றலாம், ஜீப், டாக்ஸி ஸ்டாண்டில் உள்ள எல்லா வண்டிக்கும் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு தடவை டீசல் போடும் காசுகூட வராது. ஒரு பெட்டியில் போட்டு, எல்லோரும் எடுக்கும்படி ஸ்டாண்டிலேயே வையுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் ஒவ்வொரு வண்டியிலும் பிரேக் லைட், ஹெட்லைட், ஃபாக் லேம்ப் வயர்களில் சுற்றியிருக்கும் பழைய டேப்பைப் பிரித்துப் பாருங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால், பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.